நாற்பத்தெட்டு நாள் கழுவிய கைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயங்களில் எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருடம் அங்கே குடும்ப நல உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரி, பெயர் தயாளினி. அந்தப் பெயரை அங்கே ஒருவரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மிஸ்ஸிதான். தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராத தாய் என்னைத் தூரத்தில் கண்டால் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஐயாவுவைப் பற்றி எழுதுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பெருமையைக் காப்பாற்றித் தந்தவர் அவர்தான்.

ஐயாவு கச்சான், அதாவது நிலக்கடலை, விற்பவர். அவிசாவளை பஸ் வந்து நின்றதும் கூடையோடு பின்வாசலால் ஏறுவார். “ரட்டகஜு, உணு உணு ரட்டகஜு” என்று சிங்களத்தில் ஒருதரம், “சுடுகச்சான்” என்று தமிழில் ஒருதரம் குரல் கொடுத்து, முன்வாசலால் இறங்குவதற்குள் பத்துக் கடதாசிச் சரையாவது விற்றுவிடுவார். அடர்த்தியான முறுக்கு மீசை. கண்டக்டர்மார் அந்த மீசையைப் பிடித்திழுத்து வேடிக்கை செய்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்.

முன்பு அவரும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்தான். ஒரு வைகாசி மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து தாயும் தகப்பனும் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, தங்கை ஜீவராணிக்கு ஏழு. ரப்பர் மரம் மழை நாளில் சம்பளம் தராது, தங்கைக்கு மழை நாளிலும் பசிக்கும் என்று கச்சானுக்கு மாறினார். அந்தக் கூடையால்தான் ஜீவராணி உயர்தரம் வரை படித்தாள். அதே லயத்தில், ரப்பர் ஷீட் அடிக்கும் கிருஷ்ணராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கூடைதான். தனக்குப் பெண் பார்க்க மறந்துபோய்விட்டதாகச் சொல்வார். மறதியாம். நான் இதைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

ஜீவராணிக்குப் பிள்ளை பிறந்தது. டிலுஷிகா. பிறந்த மாதமே ஐயாவு எஹலியகொடவுக்குப் போய், ஒரு சோடி சின்னத் தோடு வாங்கி வந்தார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும், முதல் தோடு மாமன் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்கு வெறும் சடங்கு இல்லை. இந்தப் பிள்ளைக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று ஒரு ஆம்பிளை ஊரறியச் சொல்வது. தாய்தகப்பன் இல்லாத ஜீவராணிக்கு அப்படி நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?

பிள்ளைக்குப் பதினான்கு மாதத்தில் அது நடந்தது. அவித்த கச்சான் ஒன்றை ஐயாவு விரலால் மசித்து அதன் வாயில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் பிள்ளையின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இந்தப் பிள்ளைக்குக் கச்சான் நஞ்சு, வாழ்நாளில் ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சாப்பிடக் கொடுக்காவிட்டால் சரிதானே என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஐயாவு தங்கை வீட்டுக்கு வந்து ஒரு பலகையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். பிள்ளை தவழ்ந்து வந்து அந்தப் பலகையைப் பிடித்து எழுந்து நின்றது, பிறகு கையைச் சூப்பியது. திரும்பவும் முகம் வீங்கியது. இந்தமுறை கொஞ்சந்தான், ஆனாலும் ஜீவராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு நான் களத்தில் இறங்கினேன். அவர்கள் வீடே எட்டு அடிக்குப் பத்து அடிக் காம்பரா, ஒரே அறை. அதற்குள் அடுப்பு, பாய், பிள்ளை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பக்கத்து வீட்டு அம்மியில் கச்சான் சம்பல் அரைப்பார்கள், அதே அம்மியில் இவர்களும் மிளகாய் அரைப்பார்கள். நான் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அம்மி தனி, பாத்திரம் தேய்க்கும் தேங்காய்ப் பொச்சு தனி, துடைக்கும் துணி தனி. கொரோனாக் காலத்துச் சனிடைசர் போத்தலை ஜீவராணி பெருமையோடு எடுத்துக் காட்டினாள். “இது கிருமிக்குத்தான் பிள்ளை. கச்சான் கிருமி இல்லை, சாகாது. சவர்க்காரமும் தண்ணியும் போட்டுத் தேச்சு எடுத்தால்தான் போகும்,” என்று ஏசினேன். கதவுப் பிடி, பலகை, சிமெந்துத் தரை, ரிமோட், ஃபோன் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். அந்த லயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான்.

ஐயாவுவிடம் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவராகவே லயத்தை விட்டுப் போனார். ரோட்டுக்குக் கீழே பாழடைந்து கிடந்த, ஒருகாலம் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக் காம்பராவைத் துப்புரவாக்கி அங்கே கச்சான் வறுத்து அங்கேயே படுத்தார். மாலையில் லயத்துத் தண்ணீர்க் குழாயடி வரை வருவார். அதற்கு மேல் வர மாட்டார். ஜீவராணி வாசலில் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். அவர் கையை ஆட்டுவார், பிள்ளையும் ஆட்டும். மாமா என்றால் குழாயடியில் நிற்கிற ஆள் என்றுதான் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டது.

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியபோது ஐயாவு என்னைத் தேடி கிளினிக்குக்கு வந்தார். உள்ளே வரவில்லை, படிக்குக் கீழே நின்றார்.

“மிஸ்ஸி, மூணு வயசுல காது குத்தணும்னு இருக்காங்க. ஒரு மண்டலம் கச்சானத் தொடாம இருந்தா நான் புள்ளைய மடில வச்சுக்கலாமா?”

“ஒரு மண்டலம் எல்லாம் தேவையில்லை அண்ணை. வடிவாச் சவர்க்காரம் போட்டுக் குளிச்சு, வேற உடுப்பு உடுத்தினால் காணும்.”

“இல்ல மிஸ்ஸி. நாப்பத்தெட்டு நாளு. எனக்கு மனசு ஒப்பணுமில்ல.”

கூடையைக் கொளுத்தினார். வறுக்கும் சட்டியையும் மணலையும் ஆற்றில் கொட்டினார். பழைய உடுப்பெல்லாம் எரிந்தது. கிராமத்தில் ஒரு சிங்கள முதலாளியின் தேயிலைத் துண்டில் புல் வெட்டப் போனார். வாரத்துக்கு ஒருதரம் எனக்கு முன்னால் கையை நீட்டுவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதைப் போல நான் நகம் பார்ப்பேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் காம்பரா முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

“அண்ணை, இதென்ன தீட்டே, மஞ்சள் தெளிச்சால் போக? கச்சானைத் தீட்டு மாதிரி நினைக்காதேங்கோ. அது ஒட்டுற சாமான். தேய்க்கோணும், கழுவோணும்.”

“சரி மிஸ்ஸி, சரி மிஸ்ஸி,” என்று வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சவர்க்காரத்தை எடுத்தார். அடுத்த வாரம் வந்தபோது மீசையைக் காணவில்லை. மயிருக்குள் தூள் இருந்தால் என்ன செய்வது என்று எடுத்துவிட்டாராம். மீசை இல்லாத அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ செய்தது.

காது குத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கிளினிக்கில் ஒரே கூட்டம். தராசில் பிள்ளைகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று என் சேலையில் மூத்திரம் பெய்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஐயாவு படியடியில் வந்து நின்றார். கையில் நகைக்கடையின் இளஞ்சிவப்புத் தாள் மடிப்பு. தோட்டை மூன்று வருடமாகக் கச்சான் தகரத்துக்குள், கச்சானுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாராம். எந்தக் கள்ளனும் கச்சானைக் கிளறிப் பார்க்க மாட்டான் என்ற யோசனை.

“மிஸ்ஸி, கூடையக் கொளுத்துன அன்னைக்கே தகரத்தத் தூக்கி எறிஞ்சுட்டேன். இந்தத் தோடு? இதையும் கழுவணுமா?”

தாளைப் பார்த்தேன். ஒரு மூலையில் எண்ணெய் ஊறியிருந்தது. அதையும் பார்த்தேன்.

“தங்கத்தில என்ன அண்ணை ஒட்டப்போகுது? விசர்க்கதை கதைக்காமப் போங்கோ. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“சரி மிஸ்ஸி,” என்று போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆயிரம் முறை யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தீட்டு நாளில் சேலை, பாய், தலையணை எல்லாம் கிணற்றடிக்குப் போகும். அம்மாவின் தாலிக்கொடியும் காப்பும் போகாது. பொன்னில் ஒன்றும் ஒட்டாது என்பது எனக்குச் சொல்லித் தந்த பாடம்கூட இல்லை, பாலோடு உள்ளே போனது. மஞ்சள் தண்ணீர் தெளித்த மனிசனுக்குப் பெரிய வகுப்பு எடுத்தவள் நான். எனக்குள்ளே கிடந்த மஞ்சள் தண்ணீரை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்து. கழுவின தரையில் புதுப்பாய். ஐயாவு புது வேட்டியோடு, தலையும் மழித்து, கால் மடக்கி உட்கார்ந்தார். ஜீவராணி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அந்த மனிசன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. குழாயடி மாமா இவ்வளவு கிட்ட இருப்பது அதற்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும். பிறகு அதுவே அவருடைய வலக்கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டது. ஐயாவு குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் பார்த்தேன்.

ஆசாரி ஊசியை நெருப்பில் காட்டிக் குத்தினார். பிள்ளை வீரிட்டது. மாமன் கொடுத்த தோட்டை அதே சூட்டோடு இரண்டு காதிலும் பூட்டினார். பிள்ளை காதைத் தடவும், விரலை வாயில் வைத்துச் சூப்பும், திரும்பக் காதைத் தடவும். எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றோம். ஐயாவு முதுகைத் தட்டித் தட்டி ஏதோ முணுமுணுத்து ஆறுதல் சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடந்தான்.

முதலில் காது தடித்தது. பிறகு கழுத்து. அழுகைச் சத்தம் கரகரத்து, இருமலாகி, உதடு ஊதியது. ஜீவராணி பிள்ளையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றே எழுத வேண்டும். கிருஷ்ணராஜின் தம்பி ஆட்டோவை எடுத்தான். இருபத்தைந்து நிமிடப் பாதை. நான் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி அதன் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். பெண்கள் ஏறியதும் ஆட்டோவில் இடமில்லை. ஐயாவு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார், ஃபக்டரி வளைவு வரை. பிறகு அவரைக் காணவில்லை.

பிள்ளை பிழைத்தது. ஊசி போட்டு, ஒக்சிசன் வைத்து, இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். என்ன தொட்டது என்று டாக்டர் கேட்டார். “எங்கண்ணன் மடில இருந்துச்சு சேர். அது கச்சான் விக்கிறவரு,” என்றாள் ஜீவராணி. வேறு என்ன சொல்ல முடியும் அவளால்? வார்டு வாசலில் கிருஷ்ணராஜ் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“நாப்பத்தெட்டு நாளும் தொடலன்னு சொன்னதெல்லாம் பொய்யி. ஒளிச்சு வித்திருக்காரு. பெத்த புள்ளையா இருந்தா செய்வாரா?”

ஐயாவு அப்போதுதான் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். மழித்த தலையோடு தூணடியில் நின்றார். தன் கைகளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவராணி அண்ணனைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அன்று பின்னேரமே என்னிடம் சொல்லி, பிள்ளையின் கிளினிக் அட்டையில் ‘மாமனை அண்ட விடக் கூடாது’ என்று எழுத வைத்தாள். நான்தான் எழுதினேன், என் கையெழுத்தில்.

வார்டில் கழற்றிய தோட்டைத் துணியில் சுற்றி என் கையில் தந்து, “அவருகிட்டயே குடுத்துருங்க மிஸ்ஸி, எங்களுக்கு வேணாம்,” என்றாள். அறைக்குப் போய் அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு தோட்டின் சுரையைத் திருகிக் கழற்றியபோது, மரைக்குள் மண்ணிறத்தில் ஒரு துணுக்கு. கச்சான் தோல். மற்றதிலும் எண்ணெய்ப் பிசுக்கில் பொடி ஒட்டிக் கிடந்தது. குத்தின புண்ணிலும், சூப்பின விரலிலும், இரண்டு வழியாகவும் நஞ்சு போயிருக்கிறது. போக விட்டது நான்.

அடுத்த நாள் காலை புகைக் காம்பராவுக்குப் போனேன். ஐயாவு வாசற்படியில் உட்கார்ந்து சாம்பலும் சவர்க்காரமும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. நான் தோட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

“அப்ப, நான் தொட்டதால இல்லியா மிஸ்ஸி?”

“இல்லை அண்ணை. உங்கட கை சுத்தம். என்ர வாய்தான் பிழை.”

அவர் கையைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்ததை என்னவென்று சொல்ல? சந்தோஷம் என்று சொன்னால் பாவம், ஆனால் அதுதான்.

“நான் இப்பவே லயத்துக்குப் போய்ச் சொல்லுறன். நீங்கள் கேட்டனீங்கள், நான்தான் கழுவத் தேவையில்லை எண்டனான் எண்டு.”

“வேணாம் மிஸ்ஸி.”

“ஏன்?”

“நீங்க சொன்னா ஜீவராணி என்னைய உள்ள விடுவா. அது சரி. ஆனா அதுக்கப்புறம் ஒங்க பேச்ச லயத்தில யாரு கேப்பாங்க? மிஸ்ஸி சொல்லித்தான் இப்பிடி ஆச்சுன்னு கிருஷ்ணராஜு எல்லாருகிட்டயும் சொல்லுவான். பெறகு அம்மி தனி, துணி தனின்னு எவ கேப்பா? பக்கத்து வீட்டுக்காரி திரும்ப அதே அம்மில அரைப்பா.” சவர்க்காரத்தை ஓரமாக வைத்தார். “மாமன் இல்லாட்டி புள்ள வளந்துரும் மிஸ்ஸி. ஒங்க பேச்சக் கேக்காட்டி வளராது.”

நான் மறுத்துப் பேசினேன். ஒருதரம் பேசினேன், இரண்டுதரம் பேசினேன். மூன்றாம்தரம் பேசவில்லை. அவர் சொன்ன நியாயத்துக்காகத்தான் பேசாமல் விட்டேன் என்று பிறகு பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உத்தியோகமும் பெயரும் தப்பியது என்ற நிம்மதி அதற்குள் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும்.

ஐயாவு பிறகு கச்சான் விற்கவே இல்லை. பஸ் நிலையத்தில் வெற்றிலைக் கூறு விற்றார். குழாயடிக்கு வருவதையும் அவர் நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் கிருஷ்ணராஜ் ஒருநாள் கல் எடுத்தார். பொய்க்காரர் என்ற பெயரோடு அந்த மனிசன் அந்த ஊரிலேயே இரண்டு வருடம் இருந்தார். தங்கை பஸ்ஸில் ஏறும்போது தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்வார்.

போன மாசி மாதம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கடைசி நாள் சொல்லிக்கொள்ள லயத்துக்குப் போனேன். டிலுஷிகா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வயது, நல்ல வாயாடி. தலையைத் தடவினேன். காதில் ஓட்டை தூர்ந்து, குத்தின இடத்தில் ஒரு புள்ளிதான் இருந்தது. ஜீவராணி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பங்குனில திரும்பக் காது குத்தப்போறோம் மிஸ்ஸி. அவரோட சொந்தத்தில மாமன் மொற ஒருத்தரு இருக்காரு, அவரு மடில வச்சு. புதுத் தோடு வாங்கியாச்சு.” கொஞ்சம் தயங்கினாள். “மிஸ்ஸி, தோட்டையும் கழுவணுமா?”

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“கழுவுங்கோ. சவர்க்காரம் போட்டு, சுரையைக் கழற்றி, மரைக்குள்ளையும் பல்லுப் பிரஷால தேய்ச்சு. மூண்டுதரம் கழுவுங்கோ.”

“சரிங்க மிஸ்ஸி.” அவள் வாசலைப் பார்த்தாள், குழாயடிப் பக்கம். “இந்தப் புத்தி எங்கண்ணனுக்கு அன்னைக்கு இருந்திருந்தா, கையக் கழுவிட்டு வந்திருந்தா, இன்னைக்கு அதுதான மிஸ்ஸி மடில வச்சிருக்கும்.”

அவள் கண் நிறைந்திருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. நாளைக்கு நான் அந்த ஊரிலேயே இல்லை, என் பேச்சை அவர்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. ஒரு வசனம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சுது பிள்ளை,” என்று எழுந்தேன்.

பஸ் நிலையத்தில் ஐயாவு வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மீசை பாதி நரைத்து வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என் பையைத் தூக்கி பஸ்ஸில் வைக்கக் கையை நீட்டி, பழக்கதோஷத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நானே அந்தக் கையில் பையைக் கொடுத்தேன்.

“திரும்பக் காது குத்துறாங்களாமே மிஸ்ஸி.”

“ஓம் அண்ணை.”

“தோட்டக் கழுவச் சொன்னீங்களா?”

“சொன்னனான்.”

“மரைக்குள்ளயும்?”

“மரைக்குள்ளையும்.”

“அது போதும் மிஸ்ஸி,” என்றார். பஸ் எடுத்துவிட்டது. அவர் கீழே நின்று, குழாயடியில் நின்று ஆட்டுவது போலவே, கையை ஆட்டினார்.